தொடுதிரையும் மடிக்கோலும்

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் இரண்டாவது மாடி. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கூட வந்தவர்கள் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலையில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேடையில் ஒரு விற்பனைப் பெண் செல்போனை ஒரு தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதற்குள் தெரிந்த இன்னொரு பெண்ணுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தாள். அவர் டொராண்டோவில் இருக்கிறார். ஈழத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. அங்கே அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். நிறம் பார்த்தாயிற்று, கரை பார்த்தாயிற்று, முந்தானையைப் பிரித்துக் காட்டியாயிற்று. கடைசியாக அவர் கேட்டார்: "தங்கச்சி, கையால பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோவன், எப்பிடி இருக்கு?" இவள் முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்த்தாள். ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள் என்றுகூட ஞாபகம். "கெட்டியா இருக்குக்கா, ஆனா மெத்துனு இருக்கு. கட்டினா நல்லா நிக்கும்." அந்தப் பக்கம் திருப்தி. புடவை விற்றுவிட்டது.

தொடு உணர்வைத் தூரத்துக்கு அனுப்ப முடியுமா என்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தி.நகரில் அது தினசரி நடந்துகொண்டிருக்கிறது. கருவி, ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள். ஊடகம், அவளுடைய பேச்சு. விலைச்சீட்டில் அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் போடுவதில்லை. நிற்பதற்கும் எடுத்துப் போடுவதற்கும் மடித்து வைப்பதற்கும் அவளுக்குச் சம்பளம். இன்னொருத்திக்காகத் தன் தோலால் வாசித்துச் சொன்னது இலவசம். இந்த இலவசத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குமுன் கொஞ்சம் ஊர் சுற்றியாக வேண்டும்.

கடையிலிருந்து சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி சர்தார் படேல் சாலையில் திரும்பினால் ஐ.ஐ.டி. அங்கே பயன்பாட்டு இயந்திரவியல் துறையில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடுகை ஆய்வகம் இருக்கிறது. அவருடைய குழுவும், ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்காவில் வளர்ந்த மெர்க்கல் ஹேப்டிக்ஸ் என்ற சிறு நிறுவனமும் சேர்ந்து 2023இல் 'ஐடேட்' என்ற திரையை அறிவித்தார்கள். நம் கையிலிருக்கும் தொடுதிரை எவ்வளவு தொட்டாலும் வழவழவென்று ஒரே கண்ணாடிதான். ஐடேட் திரையில் விரலை நகர்த்தினால் சொரசொரப்பும் விளிம்பும் தட்டுப்படும். உள்ளே அசையும் பாகம் எதுவும் கிடையாது. திரைக்கு அடியிலுள்ள மின்புலத்தை மென்பொருள் கூட்டிக் குறைக்கிறது. அதற்கேற்ப விரலின் தோல் திரையை நோக்கி மிக நுண்ணிய விசையோடு இழுபடுகிறது. உராய்வு இங்கே கூடி அங்கே குறைய, விரல் அதை மேடு என்றும் பள்ளம் என்றும் எடுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தின் வேர் பழையது. விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் பித்தளை சாக்கெட் விரலுக்கு வேறு வேறாக இருக்கிறதே என்று தற்செயலாகக் கவனித்து, அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் 1953இல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். வீட்டுச் சுவிட்சுப் பெட்டியில் கை வைத்து 'லேசா ஜிவ்வுனு இருக்குல்ல' என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற அதே அனுபவம்தான், அவர்கள் கையில் ஒரு அறிவியல் பிரதியாகிவிட்டது.

இணையத்தில் துணி வாங்குகிறவர் திரையில் விரலை ஓட்டித் துணியை உணரலாம் என்பது இந்தக் கருவிக்குச் சொல்லப்பட்ட பயன்களில் ஒன்று. இதைக் கேலி செய்வது சுலபம். நான் செய்யப் போவதில்லை. பார்வையற்ற ஒருவருக்கு வழவழப்பான தொடுதிரை என்பது மூடிய கதவு. அதில் ஒரு விளிம்பு தட்டுப்படுவது பெரிய விஷயம். அறுவை சிகிச்சை கற்கும் மாணவர் நோயாளியின் உடம்பில் கை வைக்கும் முன்பு பொய் உடம்பில் பழகிக்கொள்ள முடியுமென்றால் அதுவும் வேண்டியதுதான். தொழில்நுட்பம் என்றாலே முகம் சுளிக்கும் இலக்கியவாதிகளின் பழக்கம் நமக்கு வேண்டாம்.

ஆனால் துணியை நாம் தடவியா பார்க்கிறோம்? பிடித்துப் பார்க்கிறோம். இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கி, விட்டுப் பார்க்கிறோம். கையில் ஏந்திக் கனம் பார்க்கிறோம். காஞ்சிபுரம் கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு விரலுக்குத் தட்டும். கரையைத் தனியாகக் கோர்த்து நெய்ததன் தடம் அது. இப்படி நெய்யத் தறியில் பெரும்பாலும் ஒருவர் போதாது, கரையைக் கோர்த்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். ஆக, அந்த வரம்பைத் தொடுகிற விரல் இரண்டு பேருடைய உழைப்பைத் தொடுகிறது. நம் தோலுக்குள் மெர்க்கல், மைஸ்னர், பச்சினி, ருஃபினி என்று கண்டுபிடித்தவர்களின் பெயர் தாங்கிய பலவகை உணர்விகள் இருக்கின்றன. அழுத்தத்துக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, தோல் இழுபடுவதற்கு ஒன்று. சூட்டுக்கும் குளிருக்கும் வலிக்கும் தனி நரம்பு முனைகள். அழுத்தத்தையும் வெப்பத்தையும் உயிரணு எப்படி உணர்கிறது என்று காட்டியதற்காகத்தான் 2021இல் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் தருகிற ஒரே அறிவு, அதாவது முதல் அறிவு, தொடுகைதான். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார், அவர் தாவரத்தைச் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற இந்த அறிவைத் தூரத்துக்கு அனுப்புவதில் மனிதன் கடைசியாகத்தான் கை வைத்திருக்கிறான். குரல் போய் நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. படம் போய் நூறு.

ஏன் இவ்வளவு தாமதம்? கண்ணை ஏமாற்றுவது எளிது. நொடிக்கு இருபத்து நான்கு படம் ஓட்டினால் போதும், எம்.ஜி.ஆர். சண்டை போடுவார். கை அப்படி ஏமாறாது. ஒரு கெட்டியான பொருளைத் தொடுவதாகக் கை நம்ப வேண்டுமென்றால் விசையை நொடிக்குச் சுமார் ஆயிரம் முறை கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். அதனால்தான் 2014இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'தொடுகை இணையம்' பற்றி அறிக்கை வெளியிட்டபோது, போய்வர ஒரு மில்லிநொடி என்று இலக்கு வைத்தது. இங்கே இயற்பியல் குறுக்கே வந்து நிற்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் இருநூறு கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப வேண்டுமென்றால் நூறு. அதற்கப்பால் இருப்பவரைத் தொட்டு, அவர் தொடுவதை அதே மில்லிநொடியில் திரும்பப் பெறுவதை ஐன்ஸ்டைன் அனுமதிப்பதில்லை. டொராண்டோவை விடுங்கள், மதுரையே கிடையாது.

காஞ்சிபுரம் உள்ளே வருகிறது. தி.நகரிலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். அதாவது இயற்பியலைப் பொறுத்தவரை அந்தத் தறிக்காரரின் கையும் தி.நகரில் புடவை வாங்குகிறவரின் கையும் தொட்டுக்கொள்ள ஒரு தடையும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் புடவை அவர் கையிலிருந்துதான் இவர் கைக்கு வந்திருக்கிறது. நடுவில் இருக்கும் தூரம் எதனால் ஆனது?

இந்த இடத்தில் தொலைத்தொடுகையின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும். 1940களின் கடைசியில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் ஒரு கருவி செய்தார். கதிரியக்கப் பொருளைக் கையால் தொட முடியாது, ஆனால் கையாண்டே ஆக வேண்டும். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கை, அந்தப் பக்கம் ஒரு ஜோடி இயந்திரக் கை. இங்கே பிடித்தால் அங்கே பிடிக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் எஜமான்-அடிமைக் கருவி. 1954 வாக்கில் மின்சாரத்தால் இயங்குவதையும் செய்துவிட்டார். கல்பாக்கத்தில் அணுக்கூடத்தின் கதிரியக்க அறைகளிலும் இந்த வகைக் கைகள் இருக்கின்றன. பெயர் தற்செயல்தான் என்பார்கள் பொறியாளர்கள். சொல்லாடல் எதுவும் தற்செயல் இல்லை என்று படித்துத் தொலைத்தவர்கள் நாம். தொலைவிலிருந்து தொடுவதற்கான முதல் கருவியே தீண்டக்கூடாததைத் தீண்டாமல் கையாளத்தான் பிறந்தது. பிறந்தவுடன் ஒரு கையை எஜமான் என்றும் இன்னொரு கையை அடிமை என்றும் அழைத்தது.

ஆனால் கோர்ட்ஸின் கருவியில் ஒரு விஷயம் உண்டு. அடிமைக் கை எதன்மீதாவது மோதினால் அந்த விசை எஜமான் கைக்குத் திரும்பி வரும். இருவழி. அப்படி வராவிட்டால் வேலை நடக்காது: கண்ணாடிக் குடுவையை எவ்வளவு அழுத்தலாம் என்று தெரியாமல் நொறுக்கிவிடுவான். திரும்பி வராத தொடுகை குருட்டுத் தொடுகை என்பது இயந்திரம் செய்கிறவர்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி ஸ்ட்ராஸ்பர்கில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ஷாக் மரெஸ்கோ ரோபோ வழியாக அகற்றியபோது படம் போய் வந்தது, விசை வரவில்லை; நூல் எவ்வளவு இறுகியது என்பதை அவர் கண்ணால் ஊகிக்க வேண்டியிருந்தது. அறுவைக் கூடங்களைப் பிடித்துக்கொண்ட டாவின்சி ரோபோவுக்கே 2024இல் வந்த ஐந்தாம் மாதிரியில்தான் விசை திரும்பி வருகிறது. இடையில் 2002 அக்டோபரில் எம்.ஐ.டி.யின் தொடுகை ஆய்வகத்தை நிறுவிய மண்டயம் ஸ்ரீனிவாசனின் குழுவும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மெல் ஸ்லேட்டரின் குழுவும் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலிருந்தும் ஒரு மெய்நிகர்ப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் அழுத்திச் சேர்ந்து தூக்கினார்கள். ஒருத்தர் விட்டால் பெட்டி விழுந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் பிடித்த காட்சி அதுதான். முத்தம் அனுப்பும் கருவி, அணைப்பு அனுப்பும் சட்டை என்றெல்லாம் பிறகு வந்தவை எதிலும் இந்தக் கண்ணியம் இல்லை.

மெர்லோ-பாந்தி சொன்னதும் இதுதான். என் வலது கை இடது கையைத் தொடும்போது தொடுவது எது, தொடப்படுவது எது? நொடிக்கு நொடி மாறிக்கொள்ளலாம். பார்க்கிறவன் பார்க்கப்படாமல் ஒளிந்துகொள்ள முடியும். சிறைக் கோபுரத்தை வைத்து ஃபூக்கோ அதைத்தான் எழுதினார். கேட்கிறவன் கேட்கப்படாமல் ஒட்டுக்கேட்க முடியும். தொடுகிறவன் தொடப்படாமல் தொட முடியாது. ஐந்து புலன்களில் அதிகாரத்துக்கு ஒளிய இடம் தராத புலன் இது ஒன்றுதான்.

அதனால்தானோ என்னவோ, நம் ஊரில் இந்தப் புலனைச் சுற்றி இவ்வளவு வேலி. நம் மொழியைப் பாருங்கள். தொலைத்தொடர்பு என்கிறோம், தொலைவில் உள்ளதைத் தொடுவது மாதிரி காதில் விழுகிற நல்ல சொல். ஆனால் 'தொலைஞ்சு போ' என்று விரட்டுவதும் அந்தத் தொலைதான். 'தூரம்' என்ற சொல் வீட்டுக்குள் எதைக் குறிக்கிறது? 'அவ தூரம்' என்றால் மாதவிலக்கு என்று அர்த்தம். கிலோமீட்டர் கணக்கு வருவதற்கு முன்பே இந்த மொழியில் தூரம் என்பது தீண்டக்கூடாமையின் பெயராக இருந்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்ததும் அதிகாரிகள் 'சமூக இடைவெளி' என்று மொழிபெயர்த்து நம் தெருக்களில் ஒட்டியபோது, அது இங்கே ஏற்கெனவே நிறையக் கிடக்கிறதே, தனிமனித இடைவெளி என்று சொல்லுங்கள் என்று பலர் சண்டை போட்டதற்கும் காரணம் இதுவே.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றில் சில வருஷம் மேல்மாடியில் இருந்தேன். கீழே வீட்டுக்கார மாமி. கூடத்தில் உத்தரத்தை ஒட்டி உயரத்தில் ஒரு மூங்கில் கொடி. குளித்துவிட்டு ஈரத்தோடு துவைத்த ஒன்பது கஜப் புடவையை ஒரு நீளக் கோலால் எடுத்து அதில் போடுவார். காய்ந்ததும் அதே கோலால் இறக்குவார். மடிக்கோல். யாரும், எதுவும் அதன்மேல் பட்டுவிடக்கூடாது. அந்த வயதில் கோலின் நுனியால் ஈரப் புடவையைச் சுருக்கமில்லாமல் விரித்துப்போடுவது சாமானியத் திறமையில்லை. கோலின் நுனிவரை அவருக்கு விரல் நீண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாடகை மீதியைத் தரும்போது நாணயத்தை என் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலிருந்து போடுவார். குறி தவறியதே இல்லை. வாஞ்சையானவர், ஜுரம் வந்தபோது ரசம் கொடுத்தனுப்பினார், பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு 'எடுத்துக்கோடா' என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். அவரும் மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறத்தில் தனித் தட்டோடு கழித்த காலம் உண்டு, அவரே சொல்லியிருக்கிறார்.

மடிக்கோலையும் கோர்ட்ஸின் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் தொலைத்தொடுகைக் கருவிகள். ஒன்று விசை திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. மற்றது எதுவும் திரும்பி வந்துவிடக்கூடாது என்பதற்காக. சாதி என்பதைத் தத்துவமாகவும் புராணமாகவும் பொருளாதாரமாகவும் படித்திருக்கிறோம். அதை ஒரு பொறியியலாகவும் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது: உழைப்பின் பலன் முழுக்க இந்தப் பக்கம் வர வேண்டும், உழைத்தவரின் ஸ்பரிசம் அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். இரட்டைக் குவளை, தனிச் சுடுகாடு, தெரு முனையில் கழற்றி இடுக்கிக்கொண்ட செருப்பு எல்லாம் இந்த வடிகட்டியின் பாகங்கள். துணி இதில் விசேஷம். புதிரை வண்ணார் துவைத்த துணியை உடுத்திக்கொள்ளலாம், துவைத்தவரைத் தீண்டக்கூடாது. தமிழகத்தில் அவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு என்று வைத்திருந்ததை அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் சிலர் அதன்மேல் போட்ட சண்டைகளை இப்போது நினைத்தால், துணி வழியாகக் கை கைக்கு மாறுகிற அந்த ஒருவழித் தொடுகையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருக்கிறது.

சுந்தர் சருக்கை 2009இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் தீண்டாமையின் நிகழ்வியல் என்று எழுதினார். அதே இதழில் கோபால் குருவின் கட்டுரையும் வந்தது; இருவரும் சேர்ந்து 2012இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். பிராமணனின் மடிதான் மூலத் தீண்டாமை, யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்கிறவன்தான் முதல் தீண்டப்படாதவன், அந்தத் தன்மையை அவன் இன்னொரு சமூகத்தின் தலையில் ஏற்றி வெளியேற்றுகிறான் என்பது சருக்கையின் வாதம். கூர்மையான வாதம். மடிக்கோலைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஆனால் அதில் எனக்கு ஒரு குறை உண்டு. அங்கே தொடாமல் இருக்கிறவனின் அனுபவம் பெரிதாக வளர்கிறது. தொட்டுக்கொண்டே இருக்கிறவர்களின் அனுபவம் சிறுத்துவிடுகிறது. மலத்தை, தோலை, பிணத்தை, அழுக்குத் துணியை, பட்டுநூலைத் தினமும் தொடுகிற கைக்கு ஒரு அறிவு உண்டு. இந்தியாவில் உற்றறிவு யாரிடம் சேர்ந்து கிடக்கிறது என்று கேட்டால் நமது தத்துவவாதிகளிடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுபடி ஐ.ஐ.டி.க்குப் போவோம். 2018 டிசம்பரில் அங்கே இமாலயா உணவகத்தில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் தொட்டி என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்து மாணவர்கள் படமெடுத்து வெளியிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சுவரொட்டிகள் அகற்றப்பட்டன. (2015 மே மாதம் அதே படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்து, நாடெங்கும் எழுந்த சத்தத்துக்குப் பிறகு திருப்பித் தந்ததும் அதே வளாகம்தான்.) கை கழுவும் தொட்டி! ஒரு கட்டடத்தில் விரல் நுனியின் உராய்வை மைக்ரான் கணக்கில் ஆராய்கிறார்கள்; இன்னொரு கட்டடத்தில் ஒரு கை பட்ட குழாயில் இன்னொரு கை படக்கூடாது. ஆய்வகத்துக்கும் உணவகத்துக்கும் முடிச்சுப் போடுவது நியாயமா என்று கேட்பார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே வளாகத்துக்குள் தொடுகை பற்றி இரண்டு பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன என்கிறேன்.

மூன்றாவது பிரதியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அயோக்கியத்தனம். அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு, சஃபாய் கர்மசாரி ஆந்தோலனோடு சேர்ந்து 'ஹோமோசெப்' என்ற ரோபோவைச் செய்து 2022இல் தமிழ்நாட்டில் களத்துக்குக் கொண்டுவந்தது. மலத்தொட்டிக்குள் இறங்கி, கெட்டியாக உறைந்ததைச் சுழலும் கத்திகளால் கலக்கி, உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம். இந்தக் கருவி எந்த உணர்வையும் மேலே அனுப்புவதில்லை. அனுப்பவும் வேண்டாம். உலகத்தில் கடத்தக் கூடாத ஸ்பரிசமும் உண்டு என்பதற்கு அது சாட்சி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்து நம் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகும் இறங்கச் சொல்கிறார்கள், இறங்குகிறார்கள், சாகிறார்கள். இப்படிச் சாகிறவர்கள் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில்தான் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பட்டுத்துணியைத் தொட மில்லிநொடியை எண்ணுகிற நாடு, பத்தடிக் குழிக்குள் ஒரு குழாயை இறக்க இவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தொடுகைக்கு முதலீடு ஓடி வருகிறது, எதற்கு மானியம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும்.

சரி, அரசுக்கு நம் விரல்மேல் அக்கறை இல்லையென்று சொல்லிவிட முடியாது. 2020 அக்டோபர் முதல் ரேஷன் கடையில் விரலை வைத்தால்தான் அரிசி. கண்ணாடிமேல் விரல், உள்ளே வெளிச்சம், தூரத்தில் எங்கோ ஒரு கணினி, 'ஆம்' அல்லது 'இல்லை'. இதுவும் தொடுகையைத் தூரத்துக்கு அனுப்பும் தொழில்நுட்பம்தானே! இதன் வம்சாவளி ஹேப்டிக்ஸைவிடப் பழையது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஒரு ஒப்பந்தத்தில் கைத்தடம் வாங்கியதில் தொடங்கி, 1911இன் குற்றப்பரம்பரைச் சட்டம் வழியாக நம் ஊருக்கு வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேகைச் சட்டம். விரலை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. வைத்த விரலிலிருந்து தடம் போனது, திரும்பி வந்தது ஒன்றுமில்லை. இன்றைக்கு பாத்திரம் துலக்கி, செங்கல் சுமந்து, சிமெண்ட் குழைத்து ரேகை தேய்ந்த விரல்களை இயந்திரம் 'இல்லை' என்கிறது. நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டு மழுங்கிய விரல் அதற்கு விரலே இல்லை. கண்ணைக் காட்டு என்கிறார்கள்.

இதெல்லாம் மனதில் ஓடியது அன்றைக்குத் தி.நகர்க் கடையில் இல்லை, பிற்பாடுதான். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. ஐடேட் மாதிரித் திரை டொராண்டோவில் அந்த அக்காவின் மடிக்கு ஒருநாள் வந்துவிட்டால், அவர் விரலை ஓட்டித் தானே பார்த்துக்கொள்வார். 'பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோவன்' என்று கேட்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியம் தேவைப்படாது. சொரசொரப்பின் அளவு எங்கிருந்து வரும்? முதலில் ஏதாவது ஒரு கை தொட்டு, அளந்து, பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். தறியிலேயே அளப்பார்களோ, கிடங்கில் அளப்பார்களோ. அளக்கிற கைக்கு அப்போதும் அதற்கென்று தனிக் கூலி இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். டொராண்டோ விரல் திரையில் அழுத்துகிறபோது காஞ்சிபுரத்தில் யாருக்காவது சின்னதாக ஒரு அழுத்தமாவது தெரியுமா என்ற கேள்வியை அந்தக் கருவியின் வரைபடத்தில் எங்கே எழுதுவார்கள்? பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிய 2002ஆம் வருஷத்து ஆட்டத்தில் அதற்கு இடமிருந்தது. புடவை வியாபாரத்தில் பெட்டியை இந்தப் பக்கம் மட்டும்தான் பிடிப்பார்கள் போலிருக்கிறது.

கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்து பதினோரு வருஷம் கழித்து. அன்று அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கத்தான் செய்தது. டொராண்டோவுக்குக் காட்டுவதற்காகப் பிரித்து, வேண்டாமென்று ஒதுக்கிய பதினேழு புடவைகள் அதன்மேல் கிடந்தன. எண்ணினேன், எனக்குத்தான் வேலையில்லையே. அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.